நெய்ச்சோற்றில் விழுந்த வெள்ளைக் கல்

வெள்ளைக் கல் கேட்டு ஒருவர் கடைக்கு வந்தால், இப்போதுள்ள தம்பிமார் உடனே நாலைந்து கல்லை எடுத்துத் துணியில் பரப்பிவிடுகிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தவர் இன்னும் கதிரையில் சரியாக உட்காரவே இல்லை. கல் யாருடைய கைக்கு, அந்தக் கை பகல் முழுக்க என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் கேட்கவும் இல்லை. இதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வேலையை விட்டு வீட்டில் இருக்கிற காலத்திலும் வருகிறதே, என்ன செய்ய.

நான் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையில் கல் பார்க்கிறவனாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். தங்கம் நிறுக்க வேறு ஆள் இருந்தார். கல் என்று யாராவது வாயைத் திறந்தால் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். எங்கள் ஊர்களில் வைரம் வாங்குகிறவர்கள் குறைவு. வைரம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அந்த ‘மாதிரி’யைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ கள்ளச் சாமான் கேட்பதுபோல. அதுவும் எனக்குப் பிடிக்காது. மண்ணுக்குள் பிறந்த நல்ல வெள்ளைக் கல்லை வாங்குவதற்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

குரலைத் தாழ்த்தாமல் கேட்ட ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஓரிரண்டு வருடம் போயிருக்கும். பரீதா என்று பெயர். மருதமுனையில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்கிறவள். கலியாணம் பேசி முடிந்திருந்தது. உம்மாவோடும் அண்ணன் ரபீக் காக்காவோடும் கடைக்கு வந்தாள். ரபீக் எனக்கு முன்பே பழக்கம். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“மாப்புளைக்கு ஒரு மோதிரம் வேணும். வெள்ளியிலதான். கல்லு வெள்ளையா, நல்ல எடுப்பா இருக்கணும்.”

எங்கள் ஆண்கள் தங்கம் போடுவதில்லை. ஆகவே மாப்பிள்ளை மோதிரம் வெள்ளியில்தான் செய்வோம். அதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனால் ரபீக்கின் முகத்தில் ஏதோ உறுத்தல் தெரிந்தது. விசாரித்தேன். மாப்பிள்ளை அன்சாருக்கு ஊர் அட்டாளைச்சேனை. தங்கமான பிள்ளை, அவர் எதையும் கேட்கவில்லை. அவருடைய தாய்மாமா ஒருவர் இருக்கிறாராம். கலியாணப் பேச்சுக்கு வந்த இடத்தில், “எங்கட குடும்பத்தில மாப்புளைமாருக்கு வைரம் போடுறதுதான் வழக்கம்” என்று சொல்லியிருக்கிறார். எங்களால் ஏலாது என்று ரபீக் சொன்னதும், “அப்ப கண்ணாடியத்தான் போடப் போறீங்களாக்கும்” என்று சிரித்திருக்கிறார். பகிடிதான். ஆனால் திரைக்குப் பின்னால் பரீதா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“காக்கா,” என்று பரீதா என்னைப் பார்த்து நேரே சொன்னாள். “வைரமா இருக்கத் தேவல்ல. ஆனா பொய்யாவும் இருக்கப்படாது. அப்பிடி ஒரு கல்லு உங்கட்ட இருக்கா?”

வெள்ளைக் கல்லைப் பற்றி என் காலத்தில் நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். மனதுக்குள் ஒரு சலாம் வைத்துக்கொண்டேன்.

“ஓம், இருக்கு. முதல்ல சொல்லுங்க, மாப்புளைக்கு என்ன தொழில்?”

“வேளாண்மை,” என்றார் உம்மா.

“ஆள் வச்சுச் செய்யிறாரா? தானே வயலுக்க இறங்கிறாரா?”

“தானே இறங்கிறவர்தான். தாக்கத்தி பிடிச்சா அவரோட ஒருத்தரும் நிண்டு அறுக்க ஏலாதாம்,” என்றார் உம்மா. மருமகன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, பெருமை முந்தி வந்துவிட்டது.

அந்தப் பதிலைக் கேட்டதும் என்னிடமிருந்த கல்லில் பாதி தானாகவே கழிந்துவிட்டது. அதனால்தான் கையைப் பற்றிக் கேளுங்கள் என்கிறேன். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கல் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தேன். அந்தப் பொட்டலம் எப்போதும் என் பையில்தான் இருக்கும். வீட்டில் சட்டையைத் துவைக்கப் போடுமுன் மனைவி அதைத் தடவிப் பார்த்துத்தான் தண்ணீரில் போடுவாள்.

பரீதாவின் கண் முதலில் மாத்தறை வைரத்தில்தான் போய் நின்றது. யாருடைய கண்தான் போகாது? பெயர்தான் வைரம், உண்மையில் அது வேறு இனக் கல். ஆனால் வெளிச்சத்தில் திருப்பினால் வைரத்துக்கு அடுத்தபடி அப்படி ஒரு பொறி பறக்கும். காதுக்கோ மூக்குக்கோ கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொடுத்திருப்பேன். வேளாண்மைக்காரர் கைக்கு அது தாங்காது. ஒரு போகம் அறுத்து முடிவதற்குள் முனையெல்லாம் தேய்ந்து மங்கிவிடும். அடுத்தது வெள்ளை டோபாஸ். நல்ல சுத்தமான கல், ஆனால் மண்வெட்டிப் பிடியில் ஒரு இடத்தில் சரியாக அடிபட்டால் இரண்டாகப் பிளக்கும். பளிங்கு இருக்கிறதே, அது மலிவு, ஆனால் விரலில் போட்டால் தண்ணீர்த் துளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரித்தான் தெரியும்.

மிஞ்சியது வெள்ளைப் புஷ்பராகம். நீலக்கல்லின் இனம்தான், நிறம் மட்டும் ஒட்டவில்லை. பொறி குறைவு, ஆனால் வைரத்துக்கு அடுத்த உறுதி. அதிலும் வெள்ளியில் வைக்கிற கல்லைச் சும்மா எடுக்கக் கூடாது. தங்கத்தில் வைத்தால் கல்லில் இருக்கிற இலேசான மஞ்சள் தங்கத்தோடு கலந்து மறைந்துபோகும். வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப் பார்த்தால் மஞ்சள் கொஞ்சமும் இல்லாத புஷ்பராகம் என்னிடம் இரண்டுதான் இருந்தன.

ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீர் எடுத்து எல்லாக் கல்லையும் அதில் போட்டுக் காட்டினேன். கூடவே ஒரு கண்ணாடிக் கல்லையும் போட்டேன். கண்ணாடியும் பளிங்கும் தண்ணீரோடு தண்ணீராகி, தேடினால்தான் தெரிகிற மாதிரி மங்கிப்போயின. புஷ்பராகம் இரண்டும் அடியில் கிடந்து பளிச்சென்று தெரிந்தன. பரீதா கோப்பைக்கு மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

“தண்ணிக்குள்ளயும் மறையாத கல்லு,” என்றாள்.

பிறகு என் பூதக்கண்ணாடியை வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று அப்பழுக்கில்லாத கல். மற்றதன் உள்ளே ஓரமாக ஒரு மெல்லிய வெள்ளை இழை. பிறவியிலேயே வருவது, கண்ணாடிக் கல்லில் அப்படி வராது, அங்கே குமிழிதான் இருக்கும். ஆனால் எங்கள் தொழிலில் அது இரண்டாம் தரம். நான் அப்பழுக்கில்லாததை அவள் பக்கம் தள்ளினேன். அவள் மற்றதைக் கையிலிருந்து வைக்கவே இல்லை.

“இதுக்குள்ள ஒரு நூல் கிடக்கு காக்கா.”

“அது ஒரு குறைதான் தங்கச்சி.”

“நூல் உங்களுக்குக் குறையா இருக்கலாம். நாங்க அதிலதான் சோறு திங்கிற.”

உம்மாவும் ரபீக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தான் நெய்து சேர்த்ததில் தானே வாங்குகிற மோதிரத்தில் ஒரு நூல் கிடக்கட்டுமே என்று அவளுக்கு ஆசை. அதற்கு மேல் நான் ஒன்றும் கதைக்கவில்லை. வாடிக்கையாளர் மனதார ஒரு கல்லைப் பிடித்துவிட்டால் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை, வாயை மூடத் தெரியாத பலர் நல்ல வியாபாரத்தைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தட்டாரிடம் கொடுத்து, கல்லைப் பிடிக்க நாலு கால் வைத்துப் பதிப்பித்தோம். கலியாணத்தன்று கல்லுக்கு எல்லாப் பக்கத்தாலும் வெளிச்சம் போகட்டும், முடிந்த கையோடு கொண்டுவந்தால் சுற்றிவர விளிம்பு கட்டித் தருகிறோம், அதற்குப் பிறகு எந்த வயலுக்குள்ளும் இறங்கலாம் என்று ரபீக்கிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை உடுப்போடு மோதிரமும் அட்டாளைச்சேனைக்குப் போனது. இது வைரமில்லை, புஷ்பராகம், அசல் கல் என்று ரபீக் அங்கே எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பரீதா அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள்.

கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு. கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் நேரே மருதமுனைக்குப் போனேன். நான் போய்ச் சேரவும் காவின் எழுதி நிக்காஹ் முடியவும் சரியாக இருந்தது. உள்ளே பெண்கள் குரவையிட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. பந்தலில் பாய் விரித்துச் சகன் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் கலியாணச் சாப்பாடு உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, அதைச் சுற்றி ஆறு பேர், எல்லாருடைய கையும் ஒரே சோற்றில். ரபீக் என்னை இழுத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளைச் சகனிலேயே உட்கார வைத்துவிட்டார். மாப்பிள்ளை அன்சார், அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர், எனக்குப் பக்கத்தில் அந்தத் தாய்மாமா. நல்ல உயரமான மனிதர், தலையில் துருக்கித் தொப்பி.

சோறு அருமையாக இருந்தது. கஜுப் பருப்பும் பிளம்ஸ் திராட்சையும் போட்டு, நெய் விரலிடுக்கில் வழிகிற மாதிரி. இறைச்சியைப் பிய்த்து ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டு நாங்கள் பாதிச் சகனைத் தாண்டியிருப்போம். மாப்பிள்ளை திடீரென்று கையைச் சோற்றிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். மோதிரம் இருந்தது, நாலு காலும் இருந்தன. நடுவில் கல் இல்லை.

கல் பதித்த நகையோடு பழகுகிறவர்களுக்கு இப்படி ஒரு கணம் என்றைக்காவது வரும். அப்போது முதல் வேலை, அசையாமல் இருக்கிறது. மற்றவர்களையும் அசைய விடாமல் வைக்கிறது.

“ஒருத்தரும் எழும்பாதீங்க,” என்றேன். “வாயில இருக்கிறதக் கடிக்காதீங்க. முழுங்கவும் வேணாம்.”

மூன்று கூட்டாளிகளும் கன்னம் உப்பியபடி சிலையாகிவிட்டார்கள். தாய்மாமா மட்டும் ஏற்கெனவே விழுங்கிவிட்டார். ஒவ்வொருவராக நாக்கால் துழாவிப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்கள். ஒருவருடைய வாயிலிருந்து ஒரு ஏலக்காய் வந்தது. பாயைத் தடவினோம், மடியைப் பார்த்தோம். சோற்றை விரலால் கிளறினோம். நெய் பூசிய சோற்றுக்குள் நிறமில்லாத ஒரு கல் கிடந்தால் எந்தக் கண்ணுக்கும் அகப்படாது. பருக்கையெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது.

நான் மோதிரத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கால் ஒரே பக்கமாகச் சரிந்து, நுனி தேய்ந்திருந்தது. தட்டார் அப்படிக் கொடுக்கவில்லை.

“இத எதிலயோ அழுத்தி உரசியிருக்கு. ஆர் செஞ்ச?”

கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் வாயிலிருந்த சோற்றை விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார். வைரம்தான் கண்ணாடியைக் கீறும் என்று யாரோ சொன்னார்களாம். இவர்கள் முதல்நாள் மாப்பிள்ளையின் சவரக் கண்ணாடியை எடுத்து அந்தக் கல்லால் ஆளுக்கொரு பெயர் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பெயரைப் பெரிதாக நடுவில் எழுதியிருக்கிறார்கள். நல்லாக் கீறிச்சு காக்கா, என்று சொல்லும்போது அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்தப் பரீட்சையை உங்களில் யாரும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். பளிங்குகூடக் கண்ணாடியைக் கீறும். அதனால் கல் வைரமென்று ஆகாது, கால் மட்டும்தான் வளையும்.

“அதெல்லாம் சரி,” என்றார் தாய்மாமா. “கல்லு எங்க?”

குரல் மாறிவிட்டிருந்தது. பக்கத்துச் சகன்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் அண்டைக்கே சொன்ன. கண்ணாடியத்தான் குடுக்கப் போறாங்களெண்டு. கண்ணாடி நொறுங்கிச் சோத்தோட போயிருக்கும். கலியாணத்தண்டே எங்கட புள்ளைக்கு இப்பிடி ஒரு மரியாத.”

“மாமா, சும்மா இருங்க,” என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

“நீ இரு. இனி நீ இந்த ஊட்டிலதான் இருக்கப் போறாய். நாங்க போறவங்க. போறப்ப வாய்க்குள்ள கண்ணாடியோட போகணுமா?”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருகிறவர். அவரைக் கொண்டுவந்து விட்ட சனம் முகம் கறுத்து எழும்பிப் போனால் அந்த வடு சீக்கிரம் ஆறாது. அதிலும் பெரிது, உள்ளே இருக்கிற பெண்ணின் சொல். பொய்யில்லாத கல் என்று அவள் சொல்லி அனுப்பியதை ஊரே பார்த்திருக்க, கண்ணாடி என்று தூக்கி எறிகிறார் ஒருவர். ரபீக் வெளிறிப்போய் நின்றார். நான் சத்தியம் பண்ணினாலும் செல்லாது, நான் விற்றவன்.

அப்போதுதான் என் இடது கை சட்டைப் பைக்குப் போனது. அந்த மற்றக் கல் பொட்டலத்துக்குள் இருந்தது, அப்பழுக்கில்லாதது. அளவும் கிட்டத்தட்ட ஒன்று. சோற்றைக் கிளறுகிற சாட்டில் அதை நழுவவிட்டு, இதோ கிடைத்துவிட்டது என்று தூக்கிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தாய்மாமாவின் வாய் அடைபடும், கலியாணம் களைகட்டும், பெண் வீட்டாருக்கு நட்டமும் இல்லை. சொல்லப்போனால் தரத்தில் கூடிய கல். இவ்வளவு நியாயமும் அந்தக் கை பைக்குப் போகிற நேரத்துக்குள் எனக்குத் தோன்றிவிட்டது. நெருக்கடியில் புத்தி அப்படித்தான் ஓடும், அதுவும் எப்போதும் இலேசான பக்கத்துக்கே ஓடும். பொய்யாக இருக்கக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டதும் கூடவே ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

“கல்லு இந்தச் சகனிலதான் கிடக்கு,” என்று தாய்மாமாவிடம் சொன்னேன். “அதக் காணாம நானும் எழும்ப மாட்டன். நீங்களும் எழும்பாதீங்க.”

அவர் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பரபரப்பு. ரபீக்கைக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டுத் திரும்பி வந்தபோது முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது.

“பரீதா சொல்றா, சகன அப்பிடியே உள்ளுக்குக் கொண்டு வரட்டாம். கை கழுவிற படிக்கத்தையும் சேத்து. அதுவரைக்கும் ஒருத்தரும் கைய நக்க வேணாமாம்.”

நெய்க் கையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நாங்கள் ஆறு பேரும் வெறும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ரபீக் படிக்கத்தைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் சுடுதண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரையும் பத்திரமாக உள்ளே எடுத்துப் போனார். துருக்கித் தொப்பி வைத்த மனிதர் சின்னப் பிள்ளைபோல் கையை நீட்டியதைப் பார்த்து அடுத்த சகனில் யாரோ சிரித்தார்கள். அவருக்கும் உதடு இலேசாகத் துடித்தது, கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்.

கொஞ்சநேரத்தில், கல் கிடைத்தால் அடையாளம் பார்க்க என்னைக் குசினி வாசலுக்கு வரச் சொன்னார்கள். தாய்மாமாவும் கூடவே எழும்பி வந்தார். அங்கே நான் கண்டதை இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. கலியாணப் புடவையின் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, வளையல்களை முழங்கைக்குத் தள்ளிவிட்டுப் பரீதா பலகையில் குந்தியிருந்தாள். கையில் அரிக்கன் சட்டி. எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான், உட்பக்கம் வரிவரியாக இருக்கும், அரிசியைத் தண்ணீரில் அரித்து மணலும் கல்லும் பிரிக்கிற சட்டி. உம்மா சகன் சோற்றைப் பிடிபிடியாக அள்ளிப் போட, மற்றப் பெண்கள் வெந்நீர் ஊற்ற, இவள் சட்டியைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினாள். நெய் மிதந்து போனது. பருக்கைகள் தண்ணீரோடு ஓடிப் பக்கத்து அண்டாவில் விழுந்தன. மாமிமார் சிலர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள், மணப்பெண் குசினிக்குள் குந்துகிற நாளா அது.

“இவ்வளவு காலமும் சோத்தில கல்லு கிடந்தா எங்களுக்குத்தான் ஏச்சு,” என்றாள் அவள், யாரையும் பாராமல். “இண்டைக்குக் கல்லு இல்லயெண்டு ஏச்சு.”

சொல்லிக்கொண்டே சட்டியை ஒருதரம் மெல்லச் சுழற்றினாள். வரியில் ஏதோ தங்கியது. தெளிந்த தண்ணீருக்குள் பளிச்சென்று தெரிந்தது, அன்றைக்குப் பீங்கான் கோப்பையில் தெரிந்த மாதிரியே.

அவள் அவசரப்படவில்லை. விரல் நுனியால் எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, யன்னல் பக்கம் திரும்பினாள். நான் பையிலிருந்த பூதக்கண்ணாடியை நீட்டினேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாய்மாமா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ஓம்,” என்றாள் பரீதா. “நூல் கிடக்கு.”

பூதக்கண்ணாடியை மாமாவிடம் கொடுத்து, கல்லையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“நான் கதைச்சது பிழ மகள்,” என்றார். “கண்ணாடியில இப்பிடி ஒண்டும் இல்ல. எங்கட ஊட்டிலயும் இப்பிடி ஒரு கல்லு இல்ல.”

“அப்ப போய்ச் சாப்பிடுங்க மாமா. வேற சகன் வைக்கச் சொல்லியிருக்கு.”

அவர் போனார். பரீதா எழும்பி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்வை என் சட்டைப் பையில் வந்து நின்றது. பொட்டலம் அங்கே புடைத்துக்கொண்டு தெரிந்தது.

“மற்றது பைக்குள்ளதானே இருக்கு காக்கா?”

“ஓம் தங்கச்சி.”

“அதப் போட்டிருந்தா எனக்கு விளங்கியிருக்கும். ஆனா நான் ஒருத்தருக்கும் சொல்லியிருக்க மாட்டன்,” என்றாள். பிறகு சிரித்தாள். “மாப்புளைட மோதிரத்தப் பார்க்கிற நேரமெல்லாம் அந்தப் பொய்ய எனக்குள்ளயே வச்சிருந்திருப்பன். அல்ஹம்துலில்லாஹ், வைக்க வேண்டி வரல்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. உம்மா கையை வாயில் குவித்துக் குரவையைத் தொடங்கினார். குசினி முழுக்க அது பற்றிக்கொண்டது. நான் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு போய், மாமா எனக்காக இடம் விட்டு வைத்திருந்த புதிய சகனில் உட்கார்ந்தேன்.